ஓர் அங்குல விவகாரம்

மோட்டார்க் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. கம்பெனிக்காரன் எப்படிக் கொடுத்தானோ அப்படியே ஓட்டி, பெயிண்ட் உதிர்ந்த பிறகு மருமகன் தலையில் கட்டுகிறவர்கள் முதல் ரகம். இரண்டாவது ரகத்தார், வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கொள்வார்கள். எதையாவது கழற்ற வேண்டும், எதையாவது மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. இந்த இரண்டாவது ரகத்தாரின் ஆசைகளில் மிகவும் பரவலான ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது. அதையும் கையைக் கடிக்காமல், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிச் செய்வது.

"கார் உயரமாக இருந்தால் என்ன கேடு? புடவை தடுக்காமல் ஏறி இறங்கச் சௌகரியமாகத்தானே இருக்கிறது?" என்று வீட்டிலே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உட்கார்ந்து போகிறவர்களுக்கு உயரம் சௌகரியம். ஆனால் வேகமாக வளைவில் திருப்புகிறவனுக்கு உயரம் சத்துரு. தலையிலே பானை சுமந்து கொண்டு வரப்பில் திரும்புவதற்கும், அதே பானையை இடுப்பில் வைத்துக் கொண்டு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கனம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சாய்வு குறைவு.

இதற்கு உதாரணமாக ஒரு காரின் கதையைச் சொல்கிறேன். சட்டத்துக்குப் பயந்து கம்பெனிக்காரன் உயர்த்திய கார்; சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இறக்கிக் கொண்டிருக்கிற கார். அதன் பெயர் எம்.ஜி.பி.

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்தைக் கண்டதும் நம்மில் பலருக்கு மூன்றாவது எழுத்தையும் சேர்த்துக் கை தட்டத் தோன்றும். இது அந்த எம்.ஜி. அல்ல. ஆக்ஸ்போர்டு நகரத்தில் மாரிஸ் காரேஜஸ் என்று ஒரு மோட்டார் வியாபார நிலையம் இருந்தது. அதன் முதலெழுத்துக்கள்தான் எம்.ஜி. அந்தப் பெயரில் கார் செய்தவர்கள் 1929-ல் பக்கத்திலுள்ள ஆபிங்டன் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே 1962-ல் பிறந்தது எம்.ஜி.பி. இரண்டு பேர் உட்காரலாம்; மடக்கும் கூரை; 1,798 ஸி.ஸி. எஞ்ஜின், அதிகச் சிக்கல் இல்லாத, யாரும் கழற்றிப் பூட்டக் கூடிய யந்திரம். 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடும் வரையில், கூரையோடு கூடிய ஜி.டி. ரகத்தையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. வினையும் அங்கிருந்துதான் வந்தது.

1970-களின் ஆரம்பத்தில் அமெரிக்க சர்க்கார் பம்பர்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிற்று. 1973-ம் வருஷத்து மாடல்கள் மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கமாகச் சுவரில் முட்டினாலும் விளக்கு முதலியவற்றுக்குச் சேதம் வரக் கூடாது என்று விதி செய்தார்கள். மறு வருஷம் விதி இன்னும் இறுகியது. தரையிலிருந்து 16 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் நடுவே பம்பர் அடி தாங்க வேண்டும் என்றார்கள். எல்லாக் கார்களின் பம்பரும் ஒரே மட்டத்தில் இருந்தால்தானே, ஒன்றின் பம்பர் இன்னொன்றின் விளக்கைக் குத்தாமல் இருக்கும்? யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எம்.ஜி.பி. குள்ளமான கார்.

புதிதாக ஒரு காரை வரைந்து செய்ய முதலாளிகளான பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியிடம் பணமில்லை. கம்பெனியே 1975-ல் சர்க்கார் கைக்குப் போகிற நிலைமையில் இருந்தது. ஆகவே கையில் இருந்த காரையே தூக்கி நிறுத்தினார்கள். 1974 கடைசியில் வெளிவந்த எம்.ஜி.பி.யின் மூக்கிலே பளபளக்கும் குரோமியப் பம்பர் இல்லை. அந்த இடத்தில் உள்ளே எஃகு வைத்த தடித்த கறுப்பு ரப்பர்ப் பம்பர், கரி மூட்டையை வாயில் கவ்வின மாதிரி உட்கார்ந்திருந்தது. காரின் உடம்பும் சக்கரத்தை விட்டு எழும்பி நின்றது. எவ்வளவு எழும்பிற்று? ஓர் அங்குலம் என்பார் சிலர், ஒன்றரை அங்குலம் என்பார் சிலர். இது போதாதென்று, செலவைக் குறைக்க வேண்டும் என்று, அந்தச் சமயத்துத் திறந்த கார்களின் முன்பக்கத்திலிருந்து ஒரு கம்பியையும் எடுத்து விட்டார்கள். இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் முறுக்கிப் பிடிக்கிற கம்பி அது. ஆன்ட்டி ரோல் பார் என்பார்கள். உயரத்தையும் கூட்டி, பிடித்திருந்த கயிற்றையும் அவிழ்த்து விட்டால் என்ன ஆகும்? ஆடாத கார் ஆட ஆரம்பித்தது. வாங்கினவர்கள் முனகினார்கள். 1977-ம் வருஷத்து மாடலில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு கம்பிகளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். உயரம் மட்டும் கடைசி வரை இறங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் அந்த விதியே கிடையாது. ஆனாலும் அமெரிக்காவுக்காகத் தைத்த சட்டையையே உள்ளூர்க்காரனும் போட்டுக் கொள்ள நேர்ந்தது.

இன்று பழைய எம்.ஜி.பி. வாங்க நினைக்கிற சாதாரண மாதச் சம்பளக்காரனுக்கு எட்டுவது பெரும்பாலும் இந்த ரப்பர்ப் பம்பர் வண்டிதான். குரோமியப் பம்பருக்கு விலை அதிகம். ஆகவே வாங்கின கையோடு, "இதை எப்படி மலிவாகப் பழைய உயரத்துக்கு இறக்கலாம்?" என்று கேட்கிறான். ஸ்பிரிங் மாற்றும் விவகாரம் இங்கேதான் வருகிறது.

எம்.ஜி.பி.யின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் லாரிகளில் காண்கிற மாதிரி அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங். முன்னால் ஓர் அங்குலம் குட்டையான சுருளைப் போட்டு, பின்னால் வளைவு குறைந்த பட்டையைப் போட்டால் கார் இறங்கி விடும். இறங்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பெனிக்காரன் முன்பக்கத்தை உயர்த்தினது பெரும்பாலும் ஸ்பிரிங்கைக் கொண்டு அல்ல. முன் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. அதையே மாற்றி, அதன் மேல் உடம்பை உயரத் தூக்கி வைத்தான். ஆகவே சக்கரத்தைப் பிடித்துக் கொண்டிருக்கும் இரும்புக் கைகள் பழைய கோணத்திலேயே இருந்தன. இப்போது நீங்கள் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு இறக்கினால், உடம்பு இறங்கும். ஆனால் கைகளின் கோணம் மாறிவிடும். வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதை நிர்ணயிப்பது அந்தக் கோணம்தான். மிதமிஞ்சித் தாழ்த்தினால் சாய்வு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு. உள்ளபடியே பழைய நிலைக்குப் போக வேண்டுமானால் குரோமியக் காலத்துக் குறுக்குச் சட்டத்தையே தேடிப் பிடித்து மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்டியரிங் தண்டு நேராக வந்து சேராது. அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். செலவு ஏறிக் கொண்டே போகும். அதனால்தான் ஸ்பிரிங் மாற்றுவதைச் சிக்கனமான வழி என்கிறார்கள். ஓர் அங்குலத்தோடு நிறுத்திக் கொண்டால் குற்றமில்லாத வழியும் கூட.

இந்த ஓர் அங்குலத்தால் என்ன லாபம் என்று கணக்குப் பார்க்கலாமா? காரின் கனத்தின் நடுமையம் தரையிலிருந்து 20 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஓர் அங்குலம் தாழ்த்தினால் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறைகிறது. வளைவிலே உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் பாரமும் அதே ஐந்து பங்குதான் குறையும். தாழ்த்தினவர்கள் "வண்டி பறக்கிறது, ஸார்!" என்று சொல்வதில் பாதி, புது ஸ்பிரிங் சற்றுக் கெட்டியாக இருப்பதால் வந்த லாபம், மீதி, நாற்பது வருஷத்து ரப்பர் புஷ்களைக் கழற்றின கையோடு மாற்றினதால் வந்த லாபம். ஆகவே என்னைக் கேட்டால், கம்பி இல்லாத வருஷத்து எம்.ஜி.பி. வைத்திருப்பவன் முதல் செலவை அந்தக் கம்பிக்குத்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிங் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கட்டும்.

"புது ஸ்பிரிங் எதற்கு? இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிட்டால் போகிறது!" என்று சொல்கிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதை விட மலிவு கிடையாது. ஓர் அறுப்புச் சக்கரம் போதும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள் இரண்டாவது யுத்தத்தை அடுத்த வருஷங்களில் இப்படித்தான் செய்தார்கள். சிலர் சுருளை அறுத்தார்கள். சிலர் நெருப்புக் காட்டி அமுங்கச் செய்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் டிக்கியில் மணல் மூட்டையை வைத்தார்கள். ஆனால் அவர்கள் நோக்கமே வேறு. வேகமாகப் போவதல்ல, தேர் மாதிரி மெதுவாக ஊர்ந்து ஊரார் பார்க்கப் போவது. சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே உடம்பு இறங்கக் கூடாதென்று 1950-களின் கடைசியில் கலிபோர்னியாவில் சட்டம் போட்டார்கள். அது 2024 ஜனவரியிலிருந்துதான் நீங்கிற்று. அந்த அலங்காரக் கார்களின் கதை சுவையானது. இன்னொரு வாரத்துக்கு இருக்கட்டும்.

வேகமாகப் போகிற வண்டிக்கு அறுப்பு உதவாது. எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால், மிஞ்சின ஏழு சுற்று முன்னைவிட நூற்றுக்குப் பதினான்கு பங்கு கெட்டியாகி விடும். அது கூடப் பரவாயில்லை. ஸ்பிரிங்கின் முனை, தன் தட்டில் படிந்து உட்காரும்படி செய்யப்பட்டது. அறுத்த முனை அப்படி உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் விட்டு நகர்ந்தும் போகும். நெருப்புக் காட்டுவது இதைவிட மோசம். பதம் பார்த்துப் பக்குவம் செய்த எஃகின் பதத்தையே அது கெடுத்துவிடும். இன்று ஓர் அங்குலம் இறங்கின ஸ்பிரிங், ஆறு மாதத்தில் இன்னும் ஓர் அங்குலம் இறங்கும். அதுவும் ஒரு பக்கம் மட்டும். எம்.ஜி.பி.க்குப் புது ஸ்பிரிங் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. ஸ்பிரிங் என்ன, 1988-லிருந்து இந்தக் காருக்கு முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்! அப்படியிருக்க, அறுப்பானேன்?

இன்னொரு கணக்கையும் சொல்லி விடுகிறேன். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே வருவதற்கு மூன்று அங்குலம் இடம் இருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். ஒன்றரை அங்குலம் தாழ்த்தினால் பாதி இடம் போயிற்று. ஸ்பிரிங் எவ்வளவு அதிர்ச்சியை விழுங்கும் என்பது அது அமுங்குகிற தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால், பழைய அதிர்ச்சியைத் தாங்க நான்கு மடங்கு கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். நான்கு மடங்கு கெட்டியான ஸ்பிரிங் போட்ட காரில் போவதைவிட மாட்டு வண்டியில் போகலாம். ஆகவே யாரும் அவ்வளவு கெட்டியாகச் செய்வதில்லை. பலன்? ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி, கடைசித் தடையாக வைத்திருக்கிற ரப்பர்க் கட்டையில் போய் 'டங்'கென்று இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரம் பிடிப்பை விட்டுவிடும். சாலையோரத்துப் புளியமரங்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும்.

இனி வேலை. முதலில், தொடுவதற்கு முன் அளந்து கொள்ள வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் வளைவு வரை, நான்கு மூலையிலும். வயதான ஸ்பிரிங்குகள் பல வண்டிகளில் ஏற்கெனவே அரை அங்குலம் தொய்ந்து போயிருக்கும். "ஓர் அங்குலம் குட்டை" என்று வாங்கி மாட்டியும் கார் இறங்கவே இல்லை என்று திகைப்பவர்கள், பழைய ஸ்பிரிங் தொய்ந்திருந்ததை அளந்து பார்க்காதவர்கள்தான்.

பின்பக்கம் சுலபம். பட்டைகளை மாற்ற மனமில்லாதவர்கள் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஓர் உலோகக் கட்டையைச் செருகி, நீளமான யு போல்ட்டால் கட்டி விடுகிறார்கள். எம்.ஜி.பி.யில் பட்டை அச்சுக்கு அடியில் இருப்பதால், நடுவில் கட்டை வைத்தால் உடம்பு கீழே இறங்கும். எல்லாவற்றிலும் மலிவான வழி இதுதான். ஆனால் பட்டையின் முனையிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, கார் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக் கொண்டே இருந்து சீக்கிரத்தில் கிழிந்து போகும். உயரமும் சரியாக வராது.

முன்பக்கம்தான் ஆளை விழுங்கும் இடம். சுருள் ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். பல நூறு கிலோ பாரத்தில் அமுங்கிக் கிடக்கிறது அது. விட்டால் துள்ளும். நேரே எதிரில் இருப்பது முகமானால் முகம் இருக்காது. இது பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. உலகம் முழுவதும் மெக்கானிக்குகள் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். உடம்பை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்பிரிங் உட்காரும் தட்டை நான்கு போல்ட்டுகள் பிடித்துக் கொண்டிருக்கின்றன. எதிரெதிர் மூலையில் இரண்டை எடுத்து, அந்த இடத்தில் உயர்ந்த எஃகில் செய்த நீளமான மரைக் கம்பிகளை மாட்ட வேண்டும். பிறகு மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு, கம்பியின் நட்டுகளை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்தினால், ஸ்பிரிங் சோம்பல் முறிப்பது போல மெதுவாக நீண்டு அடங்கும். நிதானம் வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சினிமாவுக்குப் போக வேண்டியிருக்கிற நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். அந்தக் கம்பிக்கும் நல்ல ஸ்டாண்டுக்கும் ஆகும் செலவையும் "சிக்கனம்" என்று போட்ட கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள், தெரிந்த ஒர்க்ஷாப்பில் கொடுத்து விடுவதே மேல்.

மாட்டி முடிந்த பிறகு சில்லறை வேலைகள். பிரேக் குழாய் எங்கும் இழுபடாமல், நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்ஸர் இந்த வண்டியில் ஏற்கெனவே தாழ்வு, இன்னும் தாழ்ந்திருக்கும். முன் சக்கரங்களின் அலைன்மெண்ட் மாறியிருக்கும். பாராமல் விட்டால் டயர் ஓரம் தேய்ந்து, ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த காசை டயர்க்காரன் வாங்கிக் கொள்வான். விளக்கின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் சரி பார்க்க வேண்டும். சில நூறு மைல் ஓடிப் படிந்த பிறகு நான்கு மூலையையும் மறுபடி அளக்க வேண்டும். பிரிட்டனில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி விட வேண்டும். சொல்லாமல் மறைத்தால், விபத்து நேர்ந்த அன்று அவர்கள் கையை விரிப்பார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, வாசலில் நிற்கிற குடும்பக் காரின் மேல் உங்கள் வீட்டுப் பிள்ளை கண் வைத்தால் என்ன செய்வது? எம்.ஜி.பி.யில் இரண்டு பேர்தான் போகிறார்கள். நம் வண்டியில் ஐந்து பேர் ஏறி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் மூட்டையும் ஏறினால், தாழ்த்தாமலே அது தாழ்ந்துதான் நிற்கிறது. முறைப்படி போட்ட வேகத் தடையே 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்கிறது; முறையில்லாமல் நம் தெருக்களில் முளைத்திருப்பவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனிக்காரன் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதைக் கண்டிப்பாகவே எடுத்துச் சொல்லிற்று. அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அதே வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக் கொள்ளட்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்குப் பக்கத்தில் கரி மைதானத்திலும் பந்தயம் ஓடுகிற வண்டிகள் தரையை உரசிக் கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவை மைதானத்துக்கென்றே தயார் செய்த வண்டிகள். அங்கே வேகத் தடையும் கிடையாது, பொங்கல் மூட்டையும் கிடையாது.